சர்வருக்கு நேரம் சரியில்லை

தென்காசி,
ஜூலை 11, வெள்ளிக்கிழமை.

மதிப்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை குற்றாலீஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் சுந்தரபாண்டி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் குற்றாலச் சாரலில் நனைந்து, ஆளுக்கு நாலு தும்மலுடன் சுகமாக இருக்கிறோம். தோகாவில் நீங்களும் சங்கரேஸ்வரியும் பேரனும், தும்மல் இல்லாமல், இதைவிடச் சுகமாக இருக்க இலஞ்சி முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

வாட்ஸப் இருக்கும்போது மாமா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீங்கள் யோசிக்கலாம். உங்கள் கைபேசிக்கு வருவதையெல்லாம் உங்களுக்கு முன்னால் கேட்டுவிடுகிறவள் என் மகள். அவள் கேட்டால், எனக்குப் பதில் சொல்கிறவளும் அவளாகத்தான் இருப்பாள். அந்தப் பதிலைத் தாங்குகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. கடையநல்லூர் மசூது லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தோகாவுக்குத் திரும்புகிறார் என்று தெரிந்ததும், செங்கோட்டையில் நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ வாங்கி, பொட்டலத்தின் அடியில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். சிப்ஸை நீங்களே பிரியுங்கள். இதெல்லாம் ஒரு பக்கம். பதினேழு வருஷம் ராணுவத்தில் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன் நான். வாயால் சொன்ன நன்றி ஃபைலில் ஏறாது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் எங்கள் அலுவலகத்துக்கும், எனக்கும், வடகரையிலிருந்து வருகிற அந்தப் பிள்ளைக்கும் செய்த உதவிக்கு எழுத்தில் நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் நோக்கம். நீங்கள் அன்றைக்கு வீடியோவில் பார்த்தது பாதிக் கதைதான். மீதியையும் முதலிலிருந்தே எழுதுகிறேன். என் மேல் தப்பு வருகிற இடங்களில் கொஞ்சம் வேகமாக எழுதியிருப்பேன், நீங்கள் நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தென்னை விவசாயிகள் கூட்டமைப்பு அலுவலகத்துச் சுவர்க் கடிகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். நான் அங்கே மேனேஜராகச் சேர்ந்த அன்றே அதைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். ஒன்பதரைக்கு ஆபீஸ் என்றால் ஒன்பது இருபதுக்கு ஆள் இருக்க வேண்டும். பட்டாளத்தில் அப்படித்தான், பரேடு ஆறு மணிக்கு என்றால் ஐந்தேமுக்காலுக்கே ஷூ மின்னிக்கொண்டு நிற்போம். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் கூடத்தான் ஓடியது. அது கூட ஓடுகிறது என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அது பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பது என்று மனதுக்குள் கழித்துக்கொள்வார்கள். கழிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்ததும் முகத்தில் ஒரு பதற்றம் வரும் பாருங்கள், அந்தப் பதற்றத்தில்தான் நிர்வாகமே நடந்தது.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் விரல் வைக்கிற வருகைப்பதிவு மெஷின் வந்தது. தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜோயல்தான் மாட்டிக் கொடுத்தார். எங்கள் ஏழு கம்ப்யூட்டருக்கும் தலைமையாக, முன்பு தேங்காய் மாதிரிகள் அடுக்கியிருந்த சின்ன அறையில் ஒரு சர்வர் இருக்கிறது அல்லவா, இந்த மெஷின் அதனிடம் நேரம் கேட்டுக் காட்டும் என்றார். அது சரியான நேரத்தைக் காட்டியது. அதுதான் தொல்லை. சுவரில் ஒன்பது நாற்பது, மெஷினில் ஒன்பதரை. எல்லோரும் மெஷினை மட்டும் பார்த்து, விரலை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். பன்னிரண்டு வருஷம் உழைத்த கடிகாரத்தை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

ஜூன் மூன்றாம் தேதி காலையில் நான் சர்வர் அறைக்குள் போனது உண்மை. பாஸ்வேர்டை ஜோயல் சீட்டில் எழுதி மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்ததும் உண்மை. மூலையில் தெரிந்த கடிகாரத்தைத் தட்டி, பத்தே பத்து நிமிடம் முன்னால் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். சுவரும் மெஷினும் இப்போது ஒரே நேரம் காட்டின. அன்றைக்கு மத்தியானம் மோர்க்குழம்புகூட எனக்குத் தனி ருசியாக இருந்தது.

மறுநாள் காலையில் ஏழு கம்ப்யூட்டரில் நாலு, எங்களை உள்ளே விட மறுத்தன. முதலில் மறுத்தது இசக்கிச்செல்வியுடையது. இந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் உறுப்பினர்களின் தோப்புக் கணக்கு, தென்னங்கன்று வழங்கிய பட்டியல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள். வடகரை. அப்பா தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து இரண்டு வருஷமாகப் படுக்கை, வீட்டில் வேலைக்குப் போவது இவள் ஒருத்திதான். ஒரு வருஷத் தற்காலிக வேலையில் எடுத்திருந்தோம். ஜூன் முப்பதாம் தேதி கமிட்டி கூடி, நிரந்தரமா அல்லது வீட்டுக்கா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த நிலைமையில் அந்தப் பிள்ளையின் கம்ப்யூட்டரில் மூன்று வரி ஆங்கிலத்துடன் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதை யார் படிப்பார்கள்? பெட்டி வந்தால் ஓகே அழுத்துவதுதானே வழக்கம். ஓகே அழுத்தினோம், பாஸ்வேர்டு அடித்தோம், மறுபடி பெட்டி. நாலு தடவை அடித்ததும் கணக்கே பூட்டிக்கொண்டது.

ஜோயலைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரு வழி கண்டுபிடித்தார். கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கிற நெட்வொர்க் ஒயரை உருவிவிட்டுப் பாஸ்வேர்டு அடித்தால், அது சர்வரைக் கேட்காமல் பழைய ஞாபகத்தில் உள்ளே விட்டுவிடுகிறது. விட்டதும் ஒயரைச் செருகிக்கொள்ளலாம். அன்றிலிருந்து தினமும் காலையில் நாலு பேர் மேசைக்கு அடியில் குனிந்து, ஒயரை உருவி, எழுந்து, அடித்து, மறுபடி குனிந்து செருகுவதுதான் எங்கள் ஆபீஸின் காலை வழிபாடு. இடுப்புப் பிடிப்புக்கு இரண்டு பேர் லீவு போட்டார்கள். கன்றுப் பட்டியலைத் திறந்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும், ஒரு நாள் விடும், ஒரு நாள் விடாது. விவசாயிகள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, சாரலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இதே நாட்களில் மெஷின் தன் பங்குக்கு இன்னொரு வேலை செய்துகொண்டிருந்தது. இசக்கிச்செல்வியின் பஸ் ஒன்பது இருபதுக்குத் தென்காசி வந்து சேரும், நடந்து வந்து ஒன்பது இருபத்தேழுக்கு விரலை வைப்பாள். மெஷின் அதை ஒன்பது முப்பத்தேழு என்று எழுதிக்கொள்ளும். உள்ளூர்க்காரர்கள் இரண்டு நாளில் சூட்சுமம் பிடித்துப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பிவிட்டார்கள். வடகரை பஸ்ஸை யார் முன்னால் கிளப்புவது? இரண்டரை வாரத்தில் அவளுக்குப் பதினோரு தாமதம். நான் என்ன செய்தேன் என்பதை வேகமாக எழுதிவிடுகிறேன். ஜூன் இருபதாம் தேதி அந்தப் பிள்ளைக்கு மெமோ கொடுத்தேன். தொடர்ந்து தாமதம் என்று ஒன்று, அனுமதியில்லாமல் பாஸ்வேர்டை மாற்றிக் குழப்பம் விளைவித்ததாகச் சந்தேகம் என்று இரண்டு. கோளாறு முதலில் அவளுடைய கம்ப்யூட்டரில்தானே வந்தது என்பது என் தர்க்கம். மெமோவை வாங்கிப் படித்துவிட்டு, மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இந்த விஷயத்தைப் பெருமையாகத்தான் சங்கரேஸ்வரியிடம் போனில் சொன்னேன். அவள் உடனே உங்களிடம் கொடுத்தாள். இருபத்துநாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நான் அப்போது ஐந்தருவிக்குப் போகிற வழியில், ஆட்டோவில், ஒரு காதில் உங்கள் குரல், மறு காதில் மழை. நீங்கள் எவ்வளவு மரியாதையாகக் கேட்டீர்கள், "மாமா, நீங்க எதையும் தொட்டியளா?" என்று. இல்லை என்றேன். அது பொய் இல்லை, மாப்பிள்ளை. அன்றைக்கு என் மனசாட்சிப்படி நான் எதையும் தொடவில்லை. நேரத்தைத்தான் மாற்றினேன். நேரம் தொடுகிற பொருளா? நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமா, எனக்கென்னமோ அந்தச் சர்வருக்கு நேரம் சரியில்லன்னு தோணுது" என்றீர்கள். அத்தோடு லைன் போய்விட்டது. மழை.

ஆட்டோவிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தோகாவில் குளிர்சாதன அறையில் கம்ப்யூட்டரையே கட்டி மேய்க்கிறவர், இவ்வளவு படித்தவர், நேரம் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? வீட்டுக்கு வந்து, சர்வர் வாங்கிய பில்லை எடுத்து, அது வந்து இறங்கிய தேதியைக் கண்டுபிடித்து, பழைய பஞ்சாங்கத்தைத் தூசி தட்டிப் பார்த்தேன். கேட்டை நட்சத்திரம். மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். பெயர் கேட்டார் அர்ச்சகர். சர்வர் என்றேன். "பேரக் கேட்டா வேலையச் சொல்லுதேளே, எந்த ஓட்டல்?" என்றார். ஓட்டல் இல்லை, ஆபீஸ் என்று விளக்கினேன். ஆபீஸுக்கே டீ சப்ளை செய்கிற ஆள் என்று புரிந்துகொண்டு, சர்வர் என்ற நாமதேயத்துக்கு, கேட்டை நட்சத்திரத்துக்கு, நீண்ட ஆயுளும் கால்வலி நிவர்த்தியும் வேண்டி மனமார அர்ச்சனை செய்து கொடுத்தார். மழையில் நடக்கிற வேலை, கால் வலி இருக்கத்தானே செய்யும் என்று அவராகச் சேர்த்துக்கொண்டது. நானும் மறுத்துப் பேசவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தோன்றியது.

பிரசாதத்தை நேராக ஆபீஸுக்குக் கொண்டுபோய், சர்வருக்குச் சந்தனம் வைத்து, திருநீற்றை மேலே தூவினேன். அதன் முகப்பில் சல்லடை மாதிரி இருக்கிறதே, அது காற்றை உள்ளே இழுக்கிற இடம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? திருநீறு முழுவதையும் அது உறிஞ்சிக்கொண்டது. கர் என்று ஒரு சத்தம். ஜோயல் ஓடி வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். கோபப்படவில்லை, நல்ல மனிதர். "அண்ணாச்சி, ஃபேன் பூரா திருநீறு. நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன், நான் ஊதித் தள்ளினா மரியாதையா இருக்காது. நீங்களே ஊதிருங்க" என்றார். ஊதினேன். தும்மல் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது, சாரலால் என்று மேலே எழுதியது முழுவதும் சரியல்ல.

இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை. உங்கள் விடுமுறை நாள். பேரனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகாமல் எங்களுக்காக வீடியோவில் உட்கார்ந்தீர்கள் என்பதை நான் மறக்க மாட்டேன். நீங்கள் தோகாவிலிருந்தே சர்வருக்குள் வருவதற்கு ஜோயல் ஏதோ ஒன்பது எண்களை உங்களுக்கு வாசித்தார். சற்று நேரத்தில் சர்வரின் திரையில், யாரும் மவுஸைத் தொடாமல், அம்புக்குறி தானாக நகர்ந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மாப்பிள்ளை உள்ளே வரும்போது மாமனார் உட்கார்ந்திருப்பது முறையல்ல அல்லவா. நான் எழுந்ததைப் பார்த்து ஜோயலும் எழுந்தார், கதவோரம் இசக்கிச்செல்வியும் நேராக நின்றாள். மூன்று பேரும் நின்றுகொண்டே பார்த்தோம். நீங்கள் அவளுடைய கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னீர்கள். வீடியோ போனோடு அவள் மேசைக்குப் போய்த் திறந்தோம், அந்தப் பெட்டி வந்தது. எல்லோரும் பழக்கத்தில் ஓகே அழுத்தப் போனபோது, அழுத்த வேண்டாம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள் மாமா என்றீர்கள். வாசித்தேன். இந்தக் கம்ப்யூட்டரின் நேரத்துக்கும் சர்வரின் நேரத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எழுதியிருந்தது. மூன்றரை வாரமாக, நாலு கம்ப்யூட்டரும் தினமும் காலையில் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. நாங்கள் ஓகே ஓகே என்று அதன் வாயை மூடியிருக்கிறோம்.

நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். சர்வர் ஆளை உள்ளே விடும்போது பாஸ்வேர்டை மட்டும் பார்ப்பதில்லை, அனுமதிச் சீட்டில் நேரத்தையும் பார்க்கிறது, பழைய சீட்டை எவனாவது திருடி வைத்துக்கொண்டு பிறகு வந்து நீட்டக் கூடாது என்பதற்காக. இதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பட்டாளத்தில் வாசலில் நிற்கிற சென்ட்ரிக்கு அன்றன்றைக்கு ஒரு ரகசிய வார்த்தை கொடுப்போம், நேற்றைய வார்த்தையோடு கர்னலே வந்தாலும் உள்ளே போக முடியாது. இது அதேதான். கொஞ்சம்கூடவா பொறுக்காது என்று கேட்டேன். "அஞ்சு நிமிஷம் வரைக்கும் பொறுத்துக்கிடும் மாமா. அதுக்கு மேல போச்சுன்னா யாராயிருந்தாலும் விடாது" என்றீர்கள். அதை அப்படியே டைரியில் குறித்துக்கொண்டேன்.

பிறகு நேரங்களைப் படிக்கச் சொன்னீர்கள். இசக்கிச்செல்வியின் கம்ப்யூட்டர் பதினொன்று பத்து. அவளுடைய போன் பதினொன்று பத்து. சர்வர் பதினொன்று இருபது. அப்போது வீடியோவில் என் தலைக்குப் பின்னால் உங்களுக்கு அந்தச் சுவர்க் கடிகாரம் தெரிந்திருக்கிறது. அதுவும் பதினொன்று இருபது. சர்வருக்குள் இருந்த ஏதோ ஒரு பதிவேட்டைத் திறந்தீர்கள். ஜூன் மூன்று, காலை பத்து பன்னிரண்டு, நேரம் மாற்றப்பட்டது என்று ஒரு வரி. யாரோ மாற்றியிருக்கிறார்கள் மாமா என்று மட்டும் சொன்னீர்கள். பின்னாலிருந்து என் மகளின் குரல் வந்தது. "யாரோன்னா யாரு? அந்த ஆபீஸ்ல கடியாரத்தத் திருகுத கை ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். நீங்கள் உடனே வீடியோவை அணைத்துவிட்டீர்கள். நெட் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னீர்கள். தோகாவில் மழையா என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கே உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் சரிசெய்தீர்கள். நாலு கம்ப்யூட்டர் நேராக இன்டர்நெட்டிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தன, மூன்று சர்வரிடம் கேட்டன, இனி எல்லாமே சர்வரிடம் கேட்கும், சர்வர் இன்டர்நெட்டிடம் கேட்கும் என்று ஒழுங்கு செய்தீர்கள். கமிட்டிக்கு ஒரு பக்க அறிக்கையும் அனுப்பினீர்கள். சர்வரின் கடிகாரம் ஜூன் மூன்றிலிருந்து பத்து நிமிடம் முன்னே நகர்ந்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். நகர்ந்திருந்தது. என்ன ஒரு வார்த்தை, மாப்பிள்ளை. பொய்யும் இல்லை, ஆளும் இல்லை. பதினேழு வருஷம் அரசாங்கக் கடிதம் எழுதிய எனக்கு அது வாய்த்ததில்லை.

முப்பதாம் தேதி கமிட்டியில் தலைவர் பரமசிவன் அண்ணாச்சி அதை உரக்கப் படித்தார். அந்த வார்த்தையில் வந்து நின்றார். "நகர்ந்துச்சா? பூனையாவே அது, தானா நகர்ததுக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். உறுப்பினர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். மெஷினை மாட்டியவர் ஜோயல்தானே, அவர் வேலையாகத்தான் இருக்கும், இனி அவரைக் கூப்பிட வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், நேரம் எப்படியோ போகட்டும், அந்தப் பெண்ணுக்குப் பதினோரு தாமதமும் ஒரு மெமோவும் இருக்கிறது, வேறு ஆள் பார்க்கலாம் என்றார். தலைவர் அவளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அவள் டிபன் பையிலிருந்து என் மெமோவையும் ஒரு பாக்கெட் நோட்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். ஜூன் நாலாம் தேதியிலிருந்து தினமும் விரல் வைத்த நேரத்தைத் தன் போனைப் பார்த்து எழுதியிருக்கிறாள். 9.26, 9.27, 9.27, 9.25. பக்கத்திலேயே மெஷின் காட்டிய நேரம். வரிக்கு வரி பத்து நிமிடம். ஏன் முன்பே சொல்லவில்லை என்று தலைவர் கேட்டதற்கு, "மெஷின் தப்புன்னு நான் சொன்னா யாரு நம்புவா அண்ணாச்சி? சார்தான் சரிபாத்துக் கையெழுத்துப் போடுதாங்க" என்றாள்.

நீங்கள் எனக்காகத் தேடிப் பிடித்த அந்த அருமையான வார்த்தைக்குள் நான் ஒளிந்துகொள்ளலாம். ஒளிந்தால் ஒரு பக்கம் ஜோயல், மறுபக்கம் அந்தப் பிள்ளை. எழுந்து நின்று, நான்தான் மாற்றினேன் அண்ணாச்சி என்றேன். சுவர்க் கடிகாரம் மட்டும் டிக் டிக் என்று பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நேரத்தத் திருப்புனதும் நீரு, நேரத்துக்கு வரலன்னு மெமோ குடுத்ததும் நீரா வே?" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, இசக்கிச்செல்வியை நிரந்தரம் செய்து தீர்மானம் எழுதும் என்று என்னிடமே சொன்னார். நானே எழுதினேன். அவசரத்தில் வழக்கமான வாசகங்களை அப்படியே பழைய தீர்மானத்திலிருந்து பார்த்து எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நிறைவேறியது. ஜோயலும் தப்பித்தார்.

வெளியே வந்ததும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மழுப்பவில்லை. "சார், உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய்யாயிரும். ஒரு ரெண்டு நாள் குடுங்க, போயிரும்" என்றாள். மூன்றாம் நாள் காலையில் வழக்கம்போல் வணக்கம் சார் என்றபோது எனக்கு வந்த நிம்மதியை எந்த மொழியில் எழுதுவது? மெமோவை எழுத்து மூலமாக வாபஸ் வாங்கினேன். எனக்கு நானே ஒரு மெமோ கொடுத்து, நானே விளக்கம் எழுதி, விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று நானே குறிப்பெழுதி ஃபைலில் வைத்திருக்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தையும் நாற்காலி போட்டு ஏறிச் சரியான நேரத்துக்குத் திருப்பிவிட்டேன். அதில் ஒரு சிறு சங்கடம். அது சரியாகிவிட்டது என்று தெரிந்தும் ஒருவராலும் நம்ப முடியவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் இப்போதும் எல்லோரும் பத்து நிமிடம் கழித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் தாமதமாக வந்து உட்காருகிறார்கள். போகப் போகச் சரியாகும். மற்றபடி ஒயர் உருவுகிற வேலை இல்லை, பெட்டி வருவதில்லை, கன்றுப் பட்டியல் கூப்பிட்ட குரலுக்கு வருகிறது. ஜோயல் புதுப் பாஸ்வேர்டு வைத்து, அதை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்துத் தலைவர் கையில் கொடுத்துவிட்டார். இனி நானே நினைத்தாலும் அந்தச் சர்வரை நெருங்க முடியாது. நெருங்கவும் மாட்டேன். இது உங்கள் மாமனார் உங்களுக்கு எழுத்தில் தருகிற வாக்கு.

நீங்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தபோது, கம்ப்யூட்டர் வேலையில் அப்படி என்னதான் செய்வீர்கள் என்று நான் கேட்டதும், பிரச்சினை வராமல் பார்த்துக்கொள்வேன் மாமா என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அது ஒரு வேலையா என்று உங்கள் அத்தையிடம் முணுமுணுத்தேன். இன்றைக்கு அந்த முணுமுணுப்பை வாபஸ் வாங்குகிறேன். ஒரு பிள்ளையின் வேலையைக் காப்பாற்றினீர்கள், ஜோயலின் பேரைக் காப்பாற்றினீர்கள், என் மானத்தை என் கையிலேயே கொடுத்து, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டீர்கள். மனம் நிறைந்து நன்றி சொல்கிறேன்.

சங்கரேஸ்வரிக்கும் பேரனுக்கும் எங்கள் இருவரின் அன்பும் ஆசியும். உங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட, அந்த நேரம் எப்போதும் நல்ல நேரமாகவே இருக்க, குற்றாலநாதர் துணையிருப்பார்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நன்றி மறவாத மாமனார்,
சுந்தரபாண்டி

பின்குறிப்பு: சிப்ஸ் பொட்டலத்தைக் கட்டும்போது ஒரு விஷயம் விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. ஜூலை பிறந்ததும் சீசன் கூட்டம் ஏறிவிட்டது. அருவிக்கு வருகிற வேன்கள் இலஞ்சிப் பக்கம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, வடகரை பஸ் ஐந்தாறு நிமிடம் பிந்தி வருகிறது. அந்தப் பிள்ளை ஓடி வந்தாலும் ஒன்பது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. நான் பழைய தீர்மானத்தைப் பார்த்து எழுதினேன் என்றேன் அல்லவா, அதில் முதல் மூன்று மாதம் மூன்று தாமதத்துக்கு மேல் ஆனால் நியமனம் ரத்து என்று ஒரு வரி இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே என் கையெழுத்தில் ஏறிவிட்டது. முதல் வாரத்திலேயே மூன்று ஆகிவிட்டது. பாஸ்வேர்டு உறையைத் தலைவர் தன் வீட்டில் தொலைந்துவிடும் என்று, பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறார். சாரல் ஈரத்தில் அதன் அரக்கு, உங்கள் வார்த்தையில் சொன்னால், நகர்ந்திருந்தது. ஆகையால் திங்கட்கிழமை முதல் சர்வரை நாலு நிமிடம் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் வரை அது பொறுக்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், டைரியில் இருக்கிறது. ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை, அவளும் ஒன்பது இருபத்தொன்பதுக்கு வந்துகொண்டிருக்கிறாள். ஒரே ஒரு கோளாறுதான். நான் எவ்வளவு சரியாகப் பின்னால் தள்ளி வைத்தாலும், மத்தியானத்துக்குள் இந்தச் சர்வர் தானாகவே சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறது. இதை எப்படி நிறுத்துவது என்று, சங்கரேஸ்வரிக்குத் தெரியாமல், ஒரு வரி எழுதி அனுப்பவும். அதுவரை தினமும் ஒன்பதேகாலுக்கு நானே போய் மாற்றிக்கொள்கிறேன்.